நாற்பத்தொன்றாவது வீடு

தேவகி டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தி யாரும் பார்த்ததில்லை. ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடுவே நடந்துகொண்டேதான் இருப்பாள். பாபர் டில்லிக்கு வந்து சேர்வதற்குள் அவள் வகுப்பறையிலேயே அரை மைல் நடந்திருப்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று மற்ற டீச்சர்கள் சொல்வார்கள். அதில் அவர்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, உட்கார இன்னொரு நாற்காலி கிடைத்தது.

1973இல் அவளுக்கு முப்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள், அதில் ஒன்றுகூட இந்தக் கதைக்கு உதவாது. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், ஒரு நெசவாளர் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தாள். முன்கட்டில் மூன்று தறி. விடிந்ததும் தொடங்குகிற சத்தம் விளக்கு வைக்கிறவரை ஓயாது. வந்த புதிதில் தலைவலித் தைலம் தடவிக்கொண்டு படுத்தாள். பழகிய பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் ஒரு பக்கம் படிக்க முடியாது என்றாகிவிட்டது.

பள்ளிக்கூடம் போக மீதி நேரத்தில் ஓர் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். யாரையும் கடிக்காத தலைப்பு: செங்கல்பட்டு ஜில்லா ஏரிகளில் குடிமராமத்து. சித்திரை வைகாசியில் ஏரி வற்றிக் கிடக்கும்போது வரத்துக்கால்வாயைத் தூர் வார வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். காலையில் கரைமேல் நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள், வந்தவனுக்கு ஒரு புள்ளி. சாயங்காலம் கலையும்போது இன்னொரு தரம் கூப்பிட்டு இரண்டாவது புள்ளி. நடுவில் நழுவி வீட்டுக்குப் போய்த் தூங்குகிறவனைப் பிடிக்கத்தான் அந்த இரண்டாவது புள்ளி. மாட்டிக்கொண்டவன் மறு வாரம் இரண்டு நாள் தனியாக வெட்டவேண்டும்.

இதையெல்லாம் அவள் லைப்ரரியில் போய்த் தேட வேண்டியிருக்கவில்லை. ஐயம்பேட்டை தாண்டி வாலாஜாபாத் ரோட்டிலிருந்து உள்ளே மூன்று மைல் போனால் நாவல்தாங்கல். அவள் பிறந்த ஊர். அங்கே இருபத்திரண்டு வருஷம் அந்தப் புள்ளிகளை வைத்தவர் அவள் அப்பா துரைக்கண்ணு. மகள் கேட்டாள் என்றதும் இருபத்திரண்டு நோட்டுகளையும் ஒரு சாக்கில் போட்டுப் பஸ் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"ஏரில தண்ணி நின்னுதோ இல்லியோ, எந் நோட்டு நின்னுதுமா," என்றார். அவரே ஒரு நோட்டை எடுத்து நடுவில் பிரித்துக் காட்டினார். "இதைப் பாரு. இன்ஸ்பெக்டர் கையெழுத்து. வேற எந்த ஊர் நோட்டுலயாவது இருக்குமா?"

அது 1946 சித்திரை மாதத்துப் பக்கம். அந்த நாளை தேவகிக்குத் தெரியும். அன்று உச்சி வேளையில் நாவல்தாங்கல் சேரி எரிந்தது. ஆண்கள் தென்னேரிப் பக்கம் அறுப்புக்குப் போயிருந்தார்கள். செத்த பதினோரு பேரும் பெண்கள், குழந்தைகள், எழுந்து நடக்க முடியாத ஒரு கிழவர். தேவகிக்கு அப்போது ஏழு வயது. அம்மா அவளை நெல் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தியதும், இருட்டில் நெல் வாசனையோடு வேறு ஒரு வாசனை வந்ததும் நினைவிருக்கிறது. தீ வைத்தது வெளியூர்க் கும்பல் என்று சொல்லப்பட்டது. ஊர் ஆண்கள் அத்தனை பேரும் அன்று கால்வாயில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். நோட்டில் நாற்பது பேருக்கும் இரண்டிரண்டு புள்ளி இருந்தது. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்து, சிவப்புப் பென்சிலால் ஒரு கிறுக்கல் போட்டுவிட்டுப் போனார். விஷயம் அதோடு முடிந்தது.

தேவகி அந்தப் பக்கத்தையும் மற்றப் பக்கங்களோடு சேர்த்து நகல் எடுத்துக்கொண்டாள். நாற்பது பெயர்களில் அப்பாவின் பெயர் இல்லை. எழுதுகிறவர் வீட்டுக்கு ஆள் கணக்குக் கிடையாது என்பது வழக்கம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மெட்ராஸ் போய் வழிகாட்டிப் பேராசிரியர் பஞ்சாட்சரத்தைப் பார்ப்பாள். கல்லூரி மாடியில் அவருடைய அறையில் ஆராய்ச்சிக்காரர்கள் ஐந்தாறு பேர் கூடுவார்கள். நல்ல மனிதர், பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும். வங்காளத்தில் இரண்டு வருஷம் முன்னால் நடந்த படுகொலைகளைப் பற்றி யாரோ எடுக்க, ஒரு சனிக்கிழமை அவர் ஏரியை ஓரம் வைத்துவிட்டு ஜெர்மனிக்குப் போய்விட்டார்.

அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றது யார் என்று சரித்திரக்காரர்கள் யுத்தம் முடிந்த நாளிலிருந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், என்றார். முதலில் ஒரு பைத்தியக்காரத் தலைவன் என்றார்கள். எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. பிறகு அந்த ஜனங்களின் ரத்தத்திலேயே ஊறிய வெறுப்பு என்றார்கள். அதுவும் சௌகரியம்தான், நாம் அந்த ஜனங்கள் இல்லையே. இப்போது சிலர் ஆபீஸ் அலமாரிகளைத் திறந்து பார்க்கிறார்கள். ரயிலுக்கு நேரம் குறித்தவன், பட்டியலை டைப் அடித்தவன், கதவுக்குத் தாழ் போட்டவன். வீட்டில் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிப் போகிற மனிதர்கள். ஒவ்வொருவனும் நான் இதை மட்டும்தான் செய்தேன் என்கிறான், அது பொய்யும் இல்லை.

"அவங்களை ஏன் செஞ்சேன்னு கேட்டுப் பிரயோஜனம் இல்லம்மா," என்றார் தேவகியைப் பார்த்து. "அதுக்கு எல்லாருகிட்டயும் பதில் தயாரா இருக்கும். அன்னிக்குக் காலைலேர்ந்து என்னென்ன செஞ்சேன்னு கேக்கணும். அங்கதான் மாட்டிப்பான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். ஜெர்மனி போன இடம் தெரியவில்லை. மனசு நாவல்தாங்கலிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. வெளியூர்க் கும்பல் என்றால் எந்த ஊர்? இருபத்தேழு வருஷத்தில் அந்த வெளியூருக்கு யாரும் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

கேட்பதற்கு ஓர் ஆள் பக்கத்திலேயே இருந்தாள். பள்ளிக்கூட ஆயா கங்கையம்மாள். மணி அடிப்பதும், அறைகளைப் பெருக்குவதும், சின்னப் பெண்களுக்கு வயிற்றுவலி வந்தால் வீட்டில் கொண்டுபோய் விடுவதும் அவள் வேலை. எட்டு வருஷம் முன்பு, ஆயா வேலைக்குச் சேர்ந்த வாரம், "டீச்சர் எந்த ஊரு?" என்று கேட்டாள். சொன்னாள் தேவகி. "யாரு வூடு?" என்றாள். துரைக்கண்ணு வீடு என்றதும், "நானும் அந்தப் பக்கந்தான்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு இருவரும் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தேவகிக்கும் அது வசதியாகவே இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் வரைபடங்கள் சுருட்டி வைத்திருக்கும் அறையில் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, சேரி எரிந்த அன்றைக்குக் காலையிலிருந்து என்ன நடந்தது என்று கேட்டாள்.

கங்கையம்மாள் கதவை ஒரு பார்வை பார்த்தாள்.

"எனக்கு ஒம்போது வயசு டீச்சர். ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தேன். அம்மாவும் தங்கச்சிங்க ரெண்டு பேரும் வூட்டுல. புகை தெரிஞ்சுது. ஓடியாந்தேன். தெரு முனைல ஆளுங்க நின்னுக்கினு இருந்தாங்க. உள்ளேர்ந்து வர்றவங்களை மறிச்சிக்கினு."

"வெளியூர் ஆளுங்களா?"

"அர்ஜுனன் வெளியூரா டீச்சர்?"

அர்ஜுனன் தேவகியின் அப்பாவோடு ஒன்றாக வளர்ந்தவர். அவள் மாமா என்று கூப்பிடும் மனிதர்.

"கைல மம்பட்டி வெச்சிருந்தாங்க," என்றாள் கங்கையம்மாள். "எனக்கு அது நல்லா நெனப்பு இருக்குது. வெயில்ல பளபளன்னு இருந்துது. ஒரு மம்பட்டிலயும் மண்ணு இல்ல."

தேவகிக்குள் இருந்த சரித்திர டீச்சர் விழித்துக்கொண்டாள். ஒன்பது வயது, பயம், நடுவில் இருபத்தேழு வருஷம். ஒரு பக்கம் ஒரு குழந்தையின் நினைவு. இன்னொரு பக்கம் தேதி போட்ட, போலீஸ் கையெழுத்துள்ள ஒரு தாள். எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் மாணவிகளுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"அன்னிக்கு அவங்க எல்லாரும் கால்வாய் வெட்டிக்கினு இருந்தாங்கன்னு நோட்டுல இருக்குது கங்கம்மா."

"நோட்டுல இருக்குதா," என்றாள் கங்கையம்மாள். "சரிங்க டீச்சர்."

கதவு வரை போனவள் திரும்பி வந்தாள்.

"நீங்க படிச்சவங்க. வெளியூரான் இல்லன்னு ஒரே ஒரு காயிதத்துல, யார் யாருன்னு பேரோட எழுதிக் குடுங்க. கோர்ட்டுக்கு இல்ல. எனக்கு. எங்கம்மா எப்படிச் செத்துதுன்னு எம் புள்ளைங்க கேக்குதுங்க. காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல."

தேவகி பார்க்கலாம் என்றாள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்குமே தெரியும்.

ஆனால் அவளை அது விடவில்லை. மண் இல்லாத மண்வெட்டி சோற்றுத் தட்டில் வந்தது, பரீட்சைத் தாள் திருத்தும்போது வந்தது. ஒரு பெண்ணுக்கு அக்பர் கேள்விக்கு இரண்டு முறை மார்க் போட்டாள். கங்கையம்மாள் மணி அடிக்கும் நேரங்களில் வராந்தாவின் அந்தக் கோடி வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

புரட்டாசி அமாவாசை வந்தது. காலாண்டு விடுமுறை. அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. தெரு முழுக்க ஊமையாகிவிடும். சத்தம் இல்லாத வீட்டில் அவளால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. பின்கட்டில் முன்னும் பின்னும் நடந்தாள். வீட்டுக்காரி சம்பூர்ணம் படைப்பதற்குக் காய் நறுக்கிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், தறி நின்னா உங்க கால் ஓட ஆரம்பிச்சிடுது. இன்னிக்கு ஒரு நாளாவது குந்துங்களேன். அமாவாசையும் அதுவுமா யாராவது வேலை செய்வாங்களா?"

"எங்க ஊர்லயும் அப்படித்தாம்மா. அமாவாசை அன்னிக்கு மண்ணுல இரும்பே படக்கூடாது," என்றாள் தேவகி.

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. சம்பூர்ணம் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் உள்ளே ஓடிச் சாக்கைக் கவிழ்த்தாள்.

அப்பா ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தமிழ்த் தேதி, கிழமை, திதி மூன்றையும் எழுதுவார். அவள் தேடிய பக்கத்தில் அழகாக, அவசரமில்லாத கையெழுத்தில் இருந்தது: வியய வருஷம் சித்திரை 19, புதன், அமாவாசை. அவளே அதைத் தன் கையால் நகல் எடுத்திருந்தாள். இன்ஸ்பெக்டரின் சிவப்புக் கிறுக்கல் அந்த வார்த்தையை உரசிக்கொண்டு போயிருந்தது.

தரையில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி மண்டியிட்டாள். இருபத்திரண்டு நோட்டுகளையும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். மத்தியானம் சம்பூர்ணம் கொடுத்தனுப்பிய வடையும் பாயசமும் அப்படியே இருந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் நாவல்தாங்கலில் அமாவாசையன்று தூர் வாரியதாக ஒரு பக்கமும் இல்லை, அந்த ஒரு பக்கத்தைத் தவிர. அந்த ஊர்க்காரன் எவனும் அன்று மண்வெட்டியை மண்ணில் வைத்திருக்க மாட்டான். வீட்டுக்கு ஓர் ஆள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், கரையில் நிற்க வைத்துப் புள்ளி வைத்திருக்கிறார்கள், ஆனால் கால்வாய்க்கு அனுப்பவில்லை. தப்பிப்பதற்காக எழுதிய பட்டியல் அல்ல அது, அதற்காக எழுதியிருந்தால் அப்பா அமாவாசை என்று போட்டிருக்க மாட்டார். யார் வரவில்லை என்று தெரிய வேண்டுமே என்று வழக்கப்படி எழுதியது. அதுவே பிறகு தப்பிக்கவும் உதவியிருக்கிறது. கங்கையம்மாளிடம் நோட்டைப் பற்றிச் சொன்ன தன் குரல் ஞாபகம் வந்ததும் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனாள். அப்பாவிடம் போகவில்லை. முதலில் அர்ஜுனன் வீட்டுக்குப் போனாள். எழுபது வயது, மிச்சமிருந்த இரண்டு பல்லிலும் வெற்றிலைக் காவி. அவளைப் பார்த்ததும் மோர் கொண்டுவரச் சொன்னார். ஏரி நோட்டைப் பற்றித்தான் பேச்சு என்றதும் உற்சாகமாகவே பேசினார். அந்த நாளை அவள் சொன்னதும் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"காலைல எழுந்து என்ன செஞ்சீங்க மாமா?"

"மாட்டுல பால் கறந்தேன். கூழு குடிச்சேன். வூட்டுக்கு ஒரு ஆள்னு கூப்ட்டாங்க, கரைக்குப் போனேன்."

"அமாவாசை அன்னிக்கா?"

வெற்றிலையை இரண்டு முறை துடைத்தார்.

"போவாம இருக்க முடியுமாமா? பேர் விட்டுப்போச்சுன்னா ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியாது. அந்த வருசம் சேரி ஆளுங்க தகராறு. வருசா வருசம் நாங்க வெட்டற மண்ணைச் சுமந்து கொட்டறது அவங்கதான். நோட்டுல எங்க பேரையும் எழுதுங்க, மதகுத் தண்ணில எங்களுக்கும் ஒரு பங்கு வுடுங்கன்னு கேட்டாங்க. கேட்டுட்டு மண்ணு சுமக்க வரல." வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் வைக்கல்தாம்மா எடுத்துக்கினு போனேன். ஒரே ஒரு கட்டு."

அந்த வாரத்தில் அவள் இன்னும் எட்டுப் பேரைப் பார்த்தாள். யாரும் விரட்டவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் விரட்டியிருப்பார்கள். காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டதால் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதிலிருந்து ஆரம்பித்தார்கள், அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஒருவர் சந்தில் குறுக்கே நின்றார், யாரையும் தொடவில்லை. ஒருவர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மட்டும் சொன்னார். இன்னொருவர் எரியும்போது ஒரு கன்றுக்குட்டியை அவிழ்த்துக் காப்பாற்றினார், அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. மற்றவர்கள் யார் யார் என்ன செய்தார்கள் என்பதையும் அவர்களே சொன்னார்கள், அதில் யாருக்கும் சுணக்கம் இல்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் தீ வைத்தவன் என்று ஒருவனும் மிஞ்சவில்லை. பதினோரு பேர் மட்டும் செத்திருந்தார்கள்.

கடைசியாக அப்பாவிடம் வந்தாள்.

துரைக்கண்ணு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இவரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல ஊரில் ஒருவர் இல்லை. பெண் பிள்ளைக்கு எதற்குக் காலேஜ் என்று எல்லோரும் சிரித்தபோது, மெயின் ரோடு வரை மூன்று மைல் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவர். அவளுக்கு இந்த உலகத்தில் அவரைவிட வேண்டியவர்கள் யாரும் இல்லை. அதனால்தான் அவரைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

"அன்னிக்குக் காலைலேர்ந்து சொல்லுங்க நைனா."

அவர் உரித்த கடலையை அவள் பக்கம் தள்ளினார்.

"கரைக்குப் போனேன். பேர் கூப்ட்டேன். நாப்பது பேரும் வந்திருந்தாங்க. புள்ளி வெச்சேன். துண்டு, வெத்தலைப் பை எல்லாம் எங்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. புளியமரத்தடில குந்திக்கினு பாத்துக்கினு இருந்தேன்."

"எதை?"

"துண்டுங்களைத்தாம்மா. காத்துல பறந்துடும் இல்ல?"

"அப்பறம்?"

"திரும்பி வந்தாங்க. இன்னொரு தரம் கூப்ட்டேன். ரெண்டாம் புள்ளி வெச்சேன். எல்லாரும் இருந்தாங்க."

தேவகி நோட்டைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். பக்கத்தின் தலையில் இருந்த வார்த்தையில் விரலை வைத்தாள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். கடலைத் தோல் காற்றில் முற்றம் முழுக்கப் பரவியது.

"கைப் பழக்கம்மா," என்றார்.

பிறகு நோட்டை மூடி அவளிடமே கொடுத்தார். "இதுல எம் பேர் எங்கனா இருக்குதா, நீயே பாரு. எழுதறவன் வூட்டுக்கு ஆள் கணக்கு கிடையாது."

அவளுக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. நகல் எடுத்த அன்று அப்பா பெயர் இல்லை என்று பார்த்ததும் தனக்குள் ஒரு நிம்மதி ஓடியதே, அது எதற்கான நிம்மதி? ஒன்றும் தெரியாதவளுக்கு அது எதற்கு வந்தது?

"இதை எழுதப் போறியா?" என்றார்.

"தெரியல நைனா."

"எழுதறதுன்னா எழுதிக்கோ. நம்ம வூட்டை வுட்டுட்டு எழுது. காயிதத்துல இல்லாததை எழுதக் கூடாதுன்னு நீதான சொல்லுவ."

பஞ்சாட்சரம் அவள் எழுதிக் கொண்டுபோன பதினெட்டுப் பக்கத்தையும் நின்ற இடத்தில் படித்தார். பிரமாதமான ஆதாரம் என்றார். திதியைக் கவனித்தது பெரிய விஷயம் என்றார். பிறகு போய் மின்விசிறியைக் கூட்டினார், குறைத்தார்.

"இந்த நாப்பது பேர்ல எத்தனை பேர் இன்னும் உயிரோட இருக்காங்க?"

"இருபத்தாறு பேர் சார்."

"அதாம்மா பாக்கறேன். ஜெர்மனின்னா பரவாயில்ல. இது வாலாஜாபாத் ரோடு." பக்கங்களைச் சேர்த்துக் குண்டூசி குத்தி அவளிடம் நீட்டினார். "ஏரியோட முடிச்சிடுங்க. பட்டம் வாங்கிடுங்க. மத்ததை அப்பறம் பாக்கலாம்."

பார்க்கலாம் என்ற வார்த்தையை அவள் எங்கே சொன்னாள், யாரிடம் சொன்னாள் என்று உடனே ஞாபகம் வந்தது. அவர்மேல் கோபப்படக்கூட அவளுக்கு யோக்கியதை மிஞ்சவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தறிச் சத்தத்தில் உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் மூன்று பத்தியாகக் கோடு போட்டு எழுதினாள். பெயர், அன்று செய்தது, யார் சொன்னது. தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுதினாள். நாற்பதாவது வரிக்குக் கீழே கோடு இழுக்கும்போது கை ஒரு நிமிஷம் நின்றது. நோட்டில் நாற்பதுதான் இருக்கிறது என்று தனக்கே ஒரு முறை சொல்லிக்கொண்டு, கோட்டை இழுத்து முடித்தாள்.

திங்கட்கிழமை மத்தியான இடைவேளையில் அதே வரைபட அறையில் கங்கையம்மாளிடம் தாளைக் கொடுத்தாள். கங்கையம்மாள் சர்ச் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக, உதடு அசைய, படித்தாள். அர்ஜுனன் பெயரில் விரல் கொஞ்சம் நின்றுவிட்டுக் கீழே போனது. தேவகி ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"நாப்பதுதான் இருக்குது டீச்சர்," என்றாள் கங்கையம்மாள்.

"நோட்டுல அவ்வளவுதான் இருக்குது."

"ஊர்ல நாப்பத்தொரு வூடு. பொங்கலுக்கு மறுநாள் அம்மாவோட குண்டானை எடுத்துக்கினு வாசல் வாசலா நிப்பேன். எனக்கு எண்ணத் தெரியும்னு அம்மாகிட்ட காட்டறதுக்காக எண்ணிக்கினே போவேன். நாப்பத்தொண்ணு."

தேவகி நின்றாள்.

"கங்கம்மா, உனக்குத் தெரியுமா?"

"நான் ஓடிப்போனது புளியமரத்துப் பக்கந்தான் டீச்சர். மடி நெறைய துண்டை அடுக்கி வெச்சிக்கினு குந்தியிருந்தாரு. என்னைப் பாத்தாரு. அப்பறம் குனிஞ்சி நோட்டைப் பாத்தாரு."

"எட்டு வருஷமா இதை எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நோட்டுல இல்லன்னு சொல்லியிருப்பீங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். தேவகிக்கு அழுகை வந்தது. அழுதால் கங்கையம்மாள் தன்னைச் சமாதானப்படுத்த வேண்டிவரும், அந்த அநியாயத்தையும் செய்யக்கூடாது என்று விழுங்கினாள். அறையில் இருந்த ஒரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தாளை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை இழுத்த கோட்டுக்குக் கீழே எழுதினாள்.

நாற்பத்தொன்று. துரைக்கண்ணு. காலையில் பெயர் கூப்பிட்டுப் புள்ளி வைத்தார். துண்டுகளைப் பார்த்துக்கொண்டார். ஓடி வந்த குழந்தையைப் பார்த்தார். திரும்பி வந்தவர்களுக்கு இரண்டாவது புள்ளி வைத்தார்.

கங்கையம்மாள் அதையும் விரலை வைத்துப் படித்தாள். காலியாக இருந்த மூன்றாவது பத்தியில் விரல் வந்து நின்றது.

"யாரு சொன்னதுன்னு இங்க ஒண்ணும் போடலியே டீச்சர்."

தேவகி தாளை மறுபடி வாங்கினாள். சொன்னது, கங்கையம்மாள் என்று எழுதினாள். எழுதியது, அவர் மகள் தேவகி என்று அதன் கீழே எழுதித் தேதி போட்டாள்.

கங்கையம்மாள் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மணி அடிக்கப் போனாள். அன்று மத்தியான மணி ஆறு நிமிஷம் தாமதமாக அடித்தது.